அத்தையின் வான்கோழிக் குஞ்சுகள்

வான்கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வளர்ந்த சேவலின் எடையைப் பற்றியும் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதற்குக் கிடைக்கும் விலையைப் பற்றியுமே பேசுவார்கள். அந்தச் சேவல் உயிரோடு நின்று வாலை விசிறியாய் விரித்து உறுமுவதற்கு முன்பு, முட்டையோட்டை உடைத்துக்கொண்டு அது வெளிவந்த முதல் பதினைந்து நாட்களில், யாரோ ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குத் தின்னவும் குடிக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. எங்கள் குடும்பத்தில் அந்தக் காரியத்தைச் செய்தவள் என் அத்தை. சிறு பிராயத்திலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்ற வைராக்கியத்தோடு, வருஷத்தில் சில மாதங்கள் மட்டுமே நடக்கும் ஒரு சிறு வியாபாரத்தைத் தனக்கென்று அமைத்துக்கொண்டு, அதைக் கடைசிவரை நாணயமாக நடத்தியவள்.

எங்கள் ஊர் திருநின்றவூருக்கும் திருவள்ளூருக்கும் இடையில், ரயில் ஊதுகிற சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தது. அப்பாவுக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. அங்கே அவரோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல, நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒவ்வொன்றாகக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. அப்படிக் கப்பலேறிய ஒருவர், தம் வீட்டுப் புழக்கடையில் வளர்த்த ஒரு சேவலையும் சில பெட்டைகளையும் கசாப்புக்குக் கொடுக்க மனமில்லாமல் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து சேர்ந்த அந்தப் பக்ஷிகள் ஒவ்வொரு ரயில் ஊதலுக்கும் பதில் குரல் கொடுத்து அமர்க்களம் செய்ததைக் கண்டு, பாட்டி அவற்றை உடனே யாருக்காவது தள்ளிவிடச் சொன்னாள். அத்தை மட்டும் அவை தன் பொறுப்பு என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வான்கோழி முட்டை கோழிமுட்டையைவிடப் பெரியது. ஏறக்குறைய 85 கிராம் இருக்கும். வெளிர்நிறத்தின் மேல் பழுப்புப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். பெட்டைகள் அதைப் பிற்பகலில், ஆள் பார்க்காத வேலியோரத்தில் இட்டுவிட்டு ஒன்றும் அறியாததுபோல் திரும்பி வரும். அத்தை அவற்றைத் தேடி எடுத்து, மணல் பரப்பிய கூடையில் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி வைத்திருந்து, பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ அடை வைப்பாள். கோழிமுட்டை பொரிய 21 நாட்கள் என்றால் வான்கோழி முட்டைக்கு 28 நாட்கள் வேண்டும். அடைக்கு நாட்டுக்கோழியை வைத்தால், ஒரு வாரம் கழித்து அந்த அடைக்குள்ளேயே இரண்டொரு நாட்டுக்கோழி முட்டைகளையும் சேர்த்து வைப்பது அவள் வழக்கம். அப்படிச் செய்தால் இரண்டு ஜாதிக் குஞ்சுகளும் ஒரே நாளில் பொரிந்து வெளிவரும். அதில் ஒரு பெரிய சூட்சுமம் இருந்தது.

நாட்டுக்கோழிக் குஞ்சு பிறந்த அன்றே தரையைக் கொத்தத் தொடங்கிவிடும். யாரும் அதற்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வான்கோழிக் குஞ்சின் ஸ்வபாவம் அப்படியன்று. கண்முன்னே தீனி குவிந்து கிடக்கும்போதே, அதைத் தீனி என்று அறியாமல், கழுத்தை நீட்டிக்கொண்டு மெல்லிய குரலில் கத்திக்கொண்டே நிற்கும். முட்டைக்குள்ளிருந்து அது வயிற்றில் கொண்டுவந்த மஞ்சள்கருவின் மிச்சம் இரண்டு மூன்று நாட்களுக்கு அதைத் தாங்கும். அதற்குள் கொத்தக் கற்றுக்கொள்ளாத குஞ்சு நாலாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில் துவண்டு விழுந்துவிடும். நோய் என்று எதுவும் இராது, வெறும் பட்டினிதான். வான்கோழி வளர்த்து நஷ்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டினியை நோய் என்று எண்ணி மருந்து தேடியவர்களே என்பது என் அபிப்பிராயம். "கண்ணு, பசிக்குதுன்னு அதுக்குத் தெரியும், எது சோறுன்னுதான் தெரியாது" என்று அத்தை எனக்கு அதை ஒரே வாக்கியத்தில் விளங்கவைத்தாள். கூடவே பொரிந்த அந்த இரண்டொரு கோழிக்குஞ்சுகளே அவற்றுக்கு உபாத்தியாயர்கள். அவை கொத்துவதைப் பார்த்துப் பார்த்து வான்கோழிக் குஞ்சுகளும் கொத்தப் பழகும்.

ஆயினும் அவற்றை மட்டும் நம்பி அத்தை சும்மா இருந்துவிடுவதில்லை. பழுப்புக் காகிதம் ஒன்றைத் தரையில் விரித்து, அவித்த முட்டையைப் பொடியாக நசுக்கி, அதில் நொய்யையும் பொடிப்பொடியாக அரிந்த வெங்காயத்தாளையும் முருங்கைக்கீரையையும் கலந்து தூவுவாள். பச்சை நிறத்தின்மேல் அந்தக் குஞ்சுகளுக்கு ஒரு தனி மோகம் உண்டு. வெறும் நொய்யைத் திரும்பியும் பாராத குஞ்சு, பச்சைத் துணுக்கைக் கண்டால் தலையைச் சாய்த்து ஒரு கணம் உற்றுப் பார்க்கும். அந்தக் கணத்தில் அத்தை தன் சுட்டுவிரல் நகத்தால் அந்தத் துணுக்குக்கு அருகே காகிதத்தில் 'டக் டக்' என்று தட்டுவாள். குஞ்சு முதலில் நகத்தைக் கொத்தும். பிறகு நகத்தின் பக்கத்தில் இருப்பதைக் கொத்தும். ருசி தெரிந்தபின் தானாகவே கொத்தும். தண்ணீர்த் தட்டில் நான் சேர்த்து வைத்திருந்த கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தோம். பச்சையும் நீலமுமாக நீருக்குள் மின்னும் அவற்றைக் கொத்தப் போகும்போது குஞ்சின் அலகு நனையும், அது குடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டில் கோலிகள் நிரம்பியிருப்பதால் தடுமாறி விழுந்த குஞ்சு மூழ்கிப்போகவும் வழியில்லை. முதல் பதினைந்து நாட்களும் குடிதண்ணீரில் பத்தில் ஒரு பங்கு பால் கலப்பாள். பத்துக் குஞ்சுகளுக்கு ஒரு முட்டை என்பது அவள் கணக்கு. பிற்காலத்தில் கால்நடைத் துறையார் வெளியிட்ட வளர்ப்புக் குறிப்புகளில் இதே அளவுகளை நான் வாசித்தபோது, அனுபவம் அவளுக்குக் கற்பித்ததும் சாஸ்திரம் சோதித்து அறிந்ததும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு மனம் நிறைந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே தீனிப்பையை விரலால் மெள்ள அழுத்திப் பார்ப்பாள். பை நிறைந்திருந்தால் அதைக் கூட்டத்தோடு விடுவாள். தட்டையாக இருந்தால் அது வேறொரு சிறு கூடைக்குப் போகும். அந்தக் கூடைக் குஞ்சுகளுக்கு முட்டையையும் பாலையும் குழைத்து, அலகைத் திறந்து, அவளே ஊட்டுவாள். இராத்திரி எத்தனை நேரமானாலும் அந்தக் கூடையில் இருக்கும் ஒவ்வொரு ஜீவனும் வயிறு நிறைந்தபிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள். குஞ்சு பொரித்த காலத்தில் எங்கள் வீட்டில் அத்தையின் சாப்பாட்டு வேளையை நிர்ணயித்தது அந்தச் சிறு கூடைதான்.

இந்தப் பக்ஷியின் குஞ்சுக்கு முதல் சில வாரங்களில் 28 சதவீதம் புரதமுள்ள ஆகாரம் வேண்டும் என்கிறார்கள். கோழிக்குஞ்சுக்குப் போதுமான தீனி இதற்குப் போதாது. கடலைப் பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் தவிட்டோடு சேர்த்து அத்தை கலந்த தீனி ஒரு பக்கம் இருக்க, காசில்லாமல் கிடைத்த உயர்ந்த உணவு கரையான். மாலையில் ஒரு பழைய பானைக்குள் கிழிந்த சாக்குத் துண்டு, காய்ந்த சாணி, ஓலைச் சருகு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றிருக்கும் இடத்தில் தரையோடு தரையாகக் கவிழ்த்துவிட்டு வருவோம். விடியற்காலையில் வெயில் ஏறுமுன் போய்ப் பானையைத் தூக்கினால், சாக்கு முழுவதும் வெள்ளை வெளேரென்று கரையான் அப்பியிருக்கும். அதைக் குஞ்சுகளின் நடுவே உதறும்போது எழும் ஆரவாரம் இருக்கிறதே, அதுவரை அலகைத் திறக்க மறுத்த சோம்பேறிக் குஞ்சுகூட அந்தக் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் புகும்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரம் குஞ்சுகளின் மட்டத்தில் 95 பாரன்ஹீட் உஷ்ணம் இருக்க வேண்டும், வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம் என்பது விதி. எங்களிடம் உஷ்ணமானி கிடையாது. மூங்கில் தட்டியை மூலையே இல்லாமல் வட்டமாக வளைத்து, நடுவே சாம்பல் மூடிய கரிக்கங்குப் பானையை வைத்து, அதைச் சுற்றிக் குஞ்சு அண்ட முடியாதபடி சிறு கூண்டு கட்டியிருந்தாள் அத்தை. குஞ்சுகள் பானையை நெருக்கிக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. தட்டியோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஆங்காங்கே பரவி, சில தின்றுகொண்டும் சில கால் நீட்டி உறங்கிக்கொண்டும் இருந்தால் எல்லாம் க்ஷேமம். தட்டியில் மூலை இருக்கக்கூடாது என்பதில் அவள் மிகுந்த பிடிவாதம் காட்டினாள். இடி முழங்கினாலும் பூனை பாய்ந்தாலும் இவை மிரண்டு ஒரே மூலையில் குவியும். அடியில் அகப்பட்டவை நசுங்கி மூச்சு முட்டிச் சாகும்.

ஒரு வருஷம் நன்றாக வளர்ந்துவந்த குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டு, கந்தக மஞ்சளாகக் கழியத் தொடங்கின. அப்பா இறந்துபோன ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, 1903-ல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு, வேப்பேரிக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே ஒரு டாக்டர் அதை அறுத்துக் காட்டினார். ஈரலின்மேல் வட்டவட்டமாக, நடுவே சற்றுப் பள்ளமாக, மஞ்சள் தழும்புகள் இருந்தன. 'கருந்தலை நோய்' என்றார். 1895-ல் தியோபால்ட் ஸ்மித் என்ற அமெரிக்க அறிஞர் இதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டு விவரித்ததையும், அது கோழியின் குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் ஏறிக்கொண்டு மண்ணுக்கு வருவதையும், கோழிக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அது வான்கோழியைக் கொன்றுவிடுவதையும், அந்தப் புழுமுட்டை மண்ணில் வருஷக்கணக்கில் கெடாமல் கிடப்பதையும், அவசரமில்லாமல், பள்ளிப் பையனான எனக்கும் புரியும்படி அவர் எடுத்துச் சொன்னார். அந்த மனிதரின் பொறுமையை நான் இன்றளவும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை ஏற்பாடுகளை அடியோடு மாற்றினாள். கோழிகள் காலடி வைத்திராத, கிணற்றுக்கு அப்பாலிருந்த மேட்டுநிலத்தில், தரையிலிருந்து உயர்த்தி மூங்கில் பட்டைகளால் பரண்போல் ஒரு கொட்டகை எழும்பிற்று. அடைகாத்த கோழியிடமிருந்து பொரிந்த அன்றே குஞ்சுகள் பிரிக்கப்பட்டன; உபாத்தியாயக் குஞ்சுகள் மண்ணை மிதிக்காத பச்சிளம் குஞ்சுகளாதலால் அவற்றால் பயமில்லை. இராணிப்பேட்டையில் 1932-ல் தோன்றிய கால்நடை மருந்து நிலையத்தில் தயாராகும் தடுப்பூசியை, வெள்ளைக்கழிச்சல் வராமலிருக்க, வேளை தவறாமல் போட்டுவந்தோம். மஞ்சள் கழிச்சல் பிறகு எங்கள் கொட்டகைக்கு வரவில்லை.

வியாபாரத்துக்கு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. வைகாசி வெயிலில் பொரித்த குஞ்சுகளுக்குக் குளிர் பயமில்லை. ஆடி பிறந்து ஆவணி நெருங்குகையில் அவை ஆறு, எட்டு வார வயதை எட்டி, புல்லையும் வெட்டுக்கிளியையும் தேடித் தின்னும் அளவுக்குத் தேறிவிடும். ஐப்பசி அடைமழை வருவதற்குள் நனைந்தாலும் தாங்கும்படி இறகு முற்றிவிடும். மார்கழியில் கிறிஸ்துமஸ் வரும்போது விருந்துக்குத் தகுந்த எடையை அடைந்திருக்கும். ஆகவே கிறிஸ்துமஸுக்கென்று வீட்டிலேயே ஒரு ஜோடியைத் தீனிபோட்டு வளர்க்க விரும்பிய பெரம்பூர் ரயில்வேக் குடும்பங்கள் ஆவணியிலேயே அத்தையை எதிர்பார்க்கத் தொடங்கும். விடியற்கால வண்டியில், கூட்டம் சேருமுன், மூடிபோட்ட மூங்கில் கூடைகளோடு நாங்கள் ஏறுவோம். வயிறு நிறைய ஊட்டி ஏற்றினால் குலுக்கலில் கக்கும் என்பதற்காக, புறப்படுமுன் தண்ணீர் மட்டுமே காட்டுவாள்.

ஓய்வுபெற்ற இஞ்சின் டிரைவர் ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் முதல் கூடை திறக்கப்படும். அவருடைய மனைவி, பருத்த உடம்பும் கணீரென்ற குரலும் உடைய அம்மாள், அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூவி அழைத்துவிடுவாள். அத்தை பேரம் பேசுவதற்கு முன்பு ஒரு காரியம் செய்வாள்: மடியிலிருந்து ஊறவைத்த நொய்யையும் கீரையையும் எடுத்துத் தாழ்வாரத்துத் தரையில் தூவி, குஞ்சுகளை இறக்கிவிடுவாள். வாங்குகிறவர் கண்ணெதிரே எது சுறுசுறுப்பாகக் கொத்துகிறதோ அதுதான் விற்பனைக்கு. பிரயாண அலுப்பில் ஒதுங்கி நின்றது மறுபடியும் கூடைக்குப் போய், எங்களோடு ஊருக்குத் திரும்பிவிடும். "வேற இடத்துல வாங்கினா பாதிதான் நிக்குது, உன்கிட்ட வாங்கினா எல்லாம் நிக்குதே, அம்மா" என்று அந்த டிரைவர் சொன்னபோது அத்தையின் முகத்தில் தோன்றிய திருப்தியை, கையில் விழுந்த காசுகூட உண்டாக்கியதில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி அப்போது மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் தீக்கிரையாகும்வரை புறாவும் கிளியும் நாய்க்குட்டியும் பழைய புஸ்தகங்களும் ஒரே கூரையின்கீழ் விற்ற அந்த இடத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அங்கிருந்த பக்ஷி வியாபாரிகளில் ஒருவர் அத்தையின் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, பொரித்த மறுநாளே மொத்தமாகக் கொடுத்துவிடும்படியும், தீனிச் செலவும் தூக்கக்கேடும் அவளுக்கு மிச்சம் என்றும் சொன்னார். "நீங்க அதைப் பாத்துக்கமாட்டீங்க, ஐயா; வித்துடுவீங்க. வாங்கிட்டுப் போனவங்க வீட்டுக் குழந்தைங்க முன்னாடி அது செத்துப்போகும்" என்று அத்தை நிதானமாகப் பதில் சொன்னாள். அவர் சொன்ன யோசனையில் லாபம் இருந்தது உண்மை. ஆறு வாரத் தீனி, கரி, பால், முட்டை எல்லாம் மிச்சமாகும். இடையில் இறப்பவற்றின் நஷ்டமும் வேறொருவரைச் சேரும். அந்த நஷ்டம் தன்னைத்தான் சேர வேண்டும், தெரிந்தவள் கையில் நேர்ந்தால் அது சிறியதாக இருக்கும், தெரியாதவர் கையில் நேர்ந்தால் முழுதாகப் போய்விடும் என்பது அத்தையின் வாதம். இதைவிட நேர்மையான வியாபார நியாயத்தை நான் பிற்காலத்தில் எந்தப் படித்தவரிடமும் கேட்டதில்லை.

அதே மார்க்கெட்டின் புஸ்தகக் கடையொன்றில், அத்தை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் சபைச் சித்திரக்காரர் மன்சூர் எழுதிய வான்கோழிப் படத்தின் அச்சுப் பிரதியைக் கண்டேன். மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பக்ஷி, 1612-ல் முகர்ரப் கான் என்ற பிரபுவால் கோவாவிலிருந்து ஆக்ராவுக்குக் கொண்டுபோகப்பட்டதாம். அதன் தலையும் கழுத்தும் கணத்துக்குக் கணம் நிறம் மாறுவதைச் சக்கரவர்த்தி வியந்து தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்து, மன்சூரைக் கொண்டு படமும் எழுதச் செய்தார். அசல் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அத்தையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை எழுதினவர் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கார்" என்றாள். மயிலோடு ஒப்பிட்டே இந்தப் பக்ஷியை இகழ்ந்து பழகிய நம் நாட்டில், அதை அதன் அழகுக்காகவே பார்த்த இருவராக அந்தச் சித்திரக்காரரையும் என் அத்தையையும் நான் சேர்த்து நினைக்கிறேன்.

இக்காலத்தில் பொரிப்பான்கள் வந்துவிட்டன; ஒருநாள் வயதுக் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து வண்டியில் வைத்துக் கூவி விற்கிறார்கள். வாங்கிச் செல்லும் எளிய குடும்பங்கள், கோழித்தீனியைக் கொட்டிவைத்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் வெறும் பெட்டியைப் பார்த்து, 'வான்கோழி நம் ஊருக்கு ஆகாது' என்று முடிவுகட்டிவிடுகின்றன. நம் ஊருக்கு நன்றாகவே ஆகும். வளர்ந்தபின் தீனியில் பாதியளவைக் கீரையாலும் புல்லாலும் ஈடுசெய்துகொள்ளும் இந்தப் பக்ஷியைப்போல் சிறு விவசாயிக்கு அனுகூலமான ஜீவன் அதிகமில்லை. குஞ்சு விற்கிற அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: அபாயமான அந்த ஆறு வாரங்களை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்குரிய விலையைத் தாராளமாகக் கேளுங்கள். வாங்குகிறவர்களே, பணத்தை எடுக்குமுன் ஒரு பிடி நொய்யைத் தரையில் தூவச் சொல்லுங்கள்; கொத்துகிற குஞ்சை வாங்குங்கள், கொத்தாததை விற்றவரிடமே விட்டுவிடுங்கள்.